ஒரு பங்கு 25 ரூபாய்: தூத்துக்குடியில் கம்பெனி தொடங்கியவர்கள்

ஸ்டார்ட்அப், ஸ்டார்ட்அப் என்று இப்போது எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. பணம் போட ஆள் கிடைத்தாரா, வாடிக்கையாளரைப் பிடிக்கும் வரை எத்தனை நாள் நஷ்டத்தில் ஓட்டலாம், பெரிய கம்பெனி ஒன்று இறங்கி அதே சரக்கை இலவசமாகக் கொடுத்தால் என்ன செய்வது... இந்தக் கேள்விகள் எல்லாம் ஏதோ பெங்களூரில் போன பத்து வருஷத்தில் பிறந்தவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தூத்துக்குடியில் 1906-ல் தொடங்கிய ஒரு கம்பெனிக்கு இவை அத்தனையும் வரிசையாக வந்தன. ஐந்து வருஷத்தில் கம்பெனியும் போய்விட்டது. அது என்ன கம்பெனி என்று எல்லோருக்கும் தெரியும். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, அதாவது வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது தியாகக் கதை. செக்கு இழுத்தார், கப்பலோட்டிய தமிழன், ஐந்து மார்க் கேள்வி. 1961-ல் வந்த சிவாஜி படமும் அந்தக் கதையைத்தான் மனதில் பதிய வைத்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை ஒரு வியாபாரமாக வைத்துப் பார்த்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. அதே ஊரில், பதினைந்து வருஷம் கழித்து, இன்னொரு கூட்டம் வேறொரு கம்பெனியைத் தொடங்கியது. அது இன்றைக்கும் நடக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். தூத்துக்குடி பழைய துறைமுகம் ஆழம் இல்லாதது. நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர முடியாது, சில மைல் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டையும் ஆளும் தோணியிலோ படகிலோ ஏறித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். (கப்பல் நேராக வந்து அணையும் புதுத் துறைமுகம் வந்து, அது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974-ல்தான்.) ஆனாலும் 1876-ல் மதராஸிலிருந்து ரயில் வந்து சேர்ந்த பிறகு இதுதான் கொழும்புக்கு வாசல். 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை, கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து இறங்கி, இங்கேதான் கப்பல் ஏறினார்கள். கரிசல் காட்டுப் பருத்தி, அரிசி, கருவாடு, வெங்காயம், நிலாவாரை இலை எல்லாம் இந்த வழியாகத்தான் வெளியே போயின. தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழை ஜனங்களும், கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகளும் இதே வழிதான்.

இவ்வளவு போக்குவரத்து இருந்தும், அதில் வரும் லாபத்தில் பெரும்பகுதி ஊர்க்காரர்களுக்கு இல்லை. இது புதுசும் இல்லை. முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கியது பரதவர்கள். கடலும் சிப்பியும் அரசாங்கத்துக்குச் சொந்தம். முதலில் போர்த்துகீசியர், 1658-க்குப் பிறகு டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர். ஆங்கிலேயர் காலத்தில் எடுத்து வந்த சிப்பியைக் கரையில் எண்ணி, மூன்றில் ஒரு பங்கைக் குளித்தவர்களுக்குக் கொடுத்து, மீதியை அரசாங்கம் அன்றைக்கே ஆயிரக்கணக்கில் ஏலம் விடும். ஏலம் எடுக்கக் காசோடு வருகிறவர்கள் வெளியூர் வியாபாரிகள். உயிர் ஒருவருடையது, முதல் இன்னொருவருடையது. அதிலும் வருஷா வருஷம் குளிப்பு நடக்காது. சிப்பி விளையாமல் போனால் பல வருஷம் சும்மாதான். 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி. அதற்கப்புறம் முத்து நகரம் என்பது பேருக்குத்தான், ரயிலுக்கு வைத்த பெயராகத்தான் முத்து மிஞ்சியிருக்கிறது.

கப்பலிலும் இதே கதை. தூத்துக்குடி-கொழும்பு வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. 1856-ல் கல்கத்தாவில் ஒரு சின்னக் கம்பெனியாகத் தொடங்கி, அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தங்களைப் பிடித்து, வங்காள விரிகுடா முதல் பாரசீக வளைகுடா வரை பரவிய கம்பெனி அது. இங்கே போட்டி கிடையாது. அவர்கள் சொன்னதுதான் கட்டணம்.

வ.உ.சி. அப்போது தூத்துக்குடியில் வக்கீல். 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். கப்பலுக்கு முன்னாலேயே அவர் சும்மா இருக்கவில்லை. சுதேசிப் பிரசார சபை, தர்ம சங்க நெசவுச் சாலை, சுதேசிப் பண்டகசாலை என்று சின்னச் சின்னதாகத் தொடங்கிக்கொண்டே இருந்தார். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சுதேசி என்பதை அவர் மேடைப் பேச்சாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பங்கு சேர்த்து, கணக்கு எழுதி, கடை நடத்த வேண்டிய விஷயமாக எடுத்துக்கொண்டார்.

கப்பல் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். இந்த 25 ரூபாய் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் இது சின்னத் தொகை இல்லைதான், கூலிக்காரர் போட முடியாது. ஆனால் ஒரு சில்லறைக் கடைக்காரர், ஒரு குமாஸ்தா, ஒரு வாத்தியார் மனசு வைத்தால் ஒன்றிரண்டு வாங்கலாம். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. இந்தியர், இலங்கையர், மற்ற ஆசியர் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஐரோப்பியருக்குக் கிடையாது.

தலைவர் பாண்டித்துரைத் தேவர், பாலவனத்தம் ஜமீன்தார். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை ஏற்படுத்திய அதே தேவர்தான். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். இவர் ஒருவரே 8,000 பங்குகள் எடுத்தார். கணக்குப் போட்டால் இரண்டு லட்சம் ரூபாய், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு! வ.உ.சி. துணைச் செயலாளர், ஆனால் ஓடி ஆடி வேலை செய்தது அவர்தான். ஒரு தேவர், ஒரு முஸ்லிம் வணிகர், ஒரு வேளாள வக்கீல். 1906-ல் இந்தக் கூட்டணி அபூர்வம். பக்கீர் சேட்டின் பெயர் நம் புத்தகங்களில் எவ்வளவு சின்ன எழுத்தில் இருக்கிறது என்பது தனியாகப் புலம்ப வேண்டிய விஷயம். பாரதியார் தன் 'இந்தியா' பத்திரிகையில் கம்பெனிக்கு ஆதரவாக எழுதினார்.

இந்த இடத்தில் தேதி ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனி பதிவாகி ஆறே நாளில், அக்டோபர் 22-ல், மதராஸின் பெரிய ஆங்கிலேய நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி திவாலானது. தென்னாட்டில் எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பு முழுவதையும் அதில் வைத்திருந்தன. ஒரே நாளில் போயிற்று. (அந்த அடியில்தான் அடுத்த வருஷம் இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது.) வெள்ளைக்காரன் கம்பெனி என்றால் பத்திரம் என்ற நம்பிக்கை உடைந்தது சுதேசிக்கு நல்லதுதான். ஆனால் ஜனங்கள் கையில் காசு இல்லாத நேரத்தில், புதுக் கம்பெனியின் பங்கை விற்க வேண்டிய நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொடக்கத்தில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயிலிருந்த ஷாலைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஷாலைன்காரர்களை நெருக்க, அவர்கள் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கொழும்பில் வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வ.உ.சி. சமாளித்தார். அடுத்தவன் கப்பலில் வியாபாரம் செய்தால் எந்த நிமிஷமும் கழுத்தில் கத்தி என்பது அப்போது புரிந்திருக்கும். பம்பாய் போனார். கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். 1907-ல் 'எஸ்.எஸ். காலியா' வந்தது. பிறகு பிரான்ஸிலிருந்து 'எஸ்.எஸ். லாவோ'. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம், 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம்.

இனிமேல்தான் சண்டை. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. அதாவது 16 அணா. சுதேசிக் கம்பெனி 8 அணாவுக்கு இறங்கியது. உடனே அவர்கள் டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாருங்கள், கூட ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள். குடை! இந்தக் குடை விஷயத்தை வகுப்பில் கேட்டு எல்லோரும் சிரித்திருப்போம். கொஞ்சம் கணக்குப் போட்டால் சிரிப்பு வராது. காலியாவின் சாதாரண வகுப்பு முழுக்க நிரம்பினாலும், தலைக்கு 8 அணா என்றால் ஒரு நடைக்கு 650 ரூபாய். அதில் நிலக்கரி, மாலுமிகள் சம்பளம், துறைமுகக் கட்டணம், கரையிலிருந்து கப்பலுக்குப் படகுக் கூலி எல்லாம் போக வேண்டும். கப்பல் நிரம்பி வழிந்தாலே நஷ்டம் என்ற நிலைமை. எதிரிக்கும் நஷ்டம்தான். ஆனால் அவனுக்கு இது நூறு வழித்தடங்களில் ஒன்று. ரங்கூனிலும் பாரசீகத்திலும் சம்பாதித்து தூத்துக்குடியில் தொலைக்கலாம். இவர்களுக்கு இந்த ஒரே வழிதான்.

சரக்கு விஷயத்தில் அந்தக் காலத்துக் கப்பல் கம்பெனிகளிடம் இன்னொரு ஆயுதமும் உண்டு. ஒரு வியாபாரி ஆறு மாசமோ ஒரு வருஷமோ தங்கள் கப்பலிலேயே சரக்கு அனுப்பினால், கட்டிய கட்டணத்தில் ஒரு பகுதியைப் பிறகு திருப்பித் தருவார்கள். நடுவில் ஒரே ஒரு தடவை வேறு கப்பலில் மூட்டை ஏற்றினாலும் சேர்ந்த தள்ளுபடி அத்தனையும் போச்சு. வியாபாரி மனசளவில் சுதேசியாக இருந்தாலும் கணக்குப் புத்தகம் அவரைக் கட்டிப்போட்டுவிடும். 1920களின் கடைசியில் இந்த முறையை ஒழிக்க டெல்லி சட்டசபையில் மசோதாவே கொண்டுவந்தார்கள் என்றால் இது எவ்வளவு பெரிய பூட்டு என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த மாதிரி அடி வாங்கியது வ.உ.சி. முதல் ஆள் இல்லை. ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் 1884-ல் 'சரோஜினி' என்ற கப்பலோடு கிழக்கு வங்காள ஆறுகளில் இறங்கினார். ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை இறக்கி அவரைக் கடனாளியாக்கியது. 1893-ல் ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானிய நிப்பான் யூசென் கம்பெனியோடு சேர்ந்து பம்பாய்-ஜப்பான் வழியில் கப்பல் விட்டார். பி அண்ட் ஓ கம்பெனி சரக்குக் கட்டணத்தைப் பாதாளத்துக்கு இறக்கியது. டாடாவே விலகிக்கொண்டார். ஆனால் கூட்டாளியான ஜப்பான் கம்பெனி மட்டும் தாக்குப்பிடித்தது. காரணம், அவர்களுக்குப் பின்னால் ஜப்பான் அரசாங்கம் இருந்தது. இதில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். விலைச் சண்டை தனியாக வந்தால் ஒருவேளை சமாளிக்கலாம். இங்கே ஜோதிரிந்திரநாத்துக்கும் டாடாவுக்கும் அரசாங்கம் உதவவில்லை, அவ்வளவுதான். வ.உ.சி.க்கோ அரசாங்கமே எதிராளி.

1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம். மில் ஹார்வி சகோதரர்களுடையது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களோடு நின்றார்கள். ஒன்பது நாளில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. கம்பெனி நடத்தும் ஒரு ஆள், தன் ஊரில் இன்னொரு கம்பெனியின் தொழிலாளர்களுக்காக வேலைநிறுத்தம் நடத்துகிறார்! இன்றைக்கு எந்த நிறுவனர் செய்வார்? பங்கு வாங்கியிருந்த சில பெரிய மனிதர்களுக்கு இது வயிற்றைக் கலக்கியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கப்பல் வேறு, அரசியல் வேறு என்று வைத்துக்கொண்டிருந்தால் கம்பெனி பிழைத்திருக்குமோ என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இலவச டிக்கெட்டையும் குடையையும் விட்டுவிட்டு ஜனங்கள் எதற்காக 8 அணா கொடுத்து இந்தக் கப்பலில் ஏற வேண்டும்? சுதேசி என்ற ஒரே காரணத்துக்காகத்தான். அரசியலை எடுத்துவிட்டால் கம்பெனிக்கு வாடிக்கையாளரே இல்லை.

மார்ச் 12-ல் வ.உ.சி., சிவா, பத்மநாப அய்யங்கார் மூவரும் கைது. மறுநாள் திருநெல்வேலியில் ஊர் கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். (இதைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற நூலுக்குத்தான் 2024-க்கான சாகித்ய அகாதெமி விருது. வாய்ப்பிருந்தால் படியுங்கள்.) ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார், இருபதும் இருபதும் நாற்பது வருஷம். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகள். வெளியே வந்தது 1912 டிசம்பர்.

வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-லேயே கலைத்துவிட்டார்கள். காலியா கப்பல் அந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கே விற்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அந்த 1911 ஜூன் 17-ல்தான் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது. 1908-ல் ஆஷ் தூத்துக்குடியில் சப் கலெக்டர்.

வ.உ.சி.யின் வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் பல வருஷம் கழித்து அது திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்! கோவில்பட்டியில் கொஞ்ச காலம் தொழில் செய்து, கடைசியில் தூத்துக்குடிக்கே வந்து 1936 நவம்பர் 18-ல் இறந்தார். அவர் உயிலில் கடைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிகள் எழுதப்பட்டிருக்கின்றன. பத்து லட்சம் ரூபாய் கம்பெனியை நடத்தியவர்.

இப்போது அடுத்த கதை. இதில் கைது இல்லை, துப்பாக்கி இல்லை, சினிமா எடுக்கவும் முடியாது. ஆனால் எனக்கு இது குறைவான கதையாகத் தெரியவில்லை.

1921 மே 11-ல் தூத்துக்குடியில் 'நாடார் வங்கி' என்று ஒரு வங்கி பதிவானது. நவம்பர் 4-ல் எம்.வி. சண்முகவேல் நாடார் முதல் தலைவரானார். நவம்பர் 11-ல் தெற்கு ராஜா தெருவில் 'ஆனா மாவன்னா' கட்டடத்தில் டி.வி. பாலகுருசாமி நாடார் திறந்து வைத்தார். ஆனா மாவன்னா என்பது அந்தக் காலத்து வியாபாரிகளின் விலாசம். பெயரை முழுசாகச் சொல்லாமல் முதல் எழுத்துகளை இப்படி நீட்டிச் சொல்வது வழக்கம். இன்றைய பிராண்டுக்கு அன்றைய பெயர் விலாசம்!

இதற்கான பணமும் பழக்கமும் எங்கிருந்து வந்தன என்பதுதான் சுவாரசியம். ராமநாதபுரம் சீமையில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை மாதிரி ஊர்களில் நாடார் வியாபாரிகளுக்கு உறவின்முறை என்ற ஏற்பாடு இருந்தது. மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றிப் போன காலத்தில், வண்டி இறக்கிப் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். அதன் செலவுக்காக வாங்கும் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சின்னத் தொகை பொதுவில் கட்ட வேண்டும். அதற்கு மகமை என்று பெயர். யாரும் ஏமாற்ற முடியாது, ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரியும். அந்தக் காசில்தான் கோயில், கிணறு, பள்ளிக்கூடம். விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைப் பள்ளி அப்படி வந்ததுதான். அதாவது கோயிலுக்குள் விட மாட்டோம், பொதுத் தெருவில் நடக்கக் கூடாது என்று மற்றவர்கள் சொன்ன காலத்தில், அவர்கள் பாட்டுக்கு மூட்டைக்கு ஒரு பைசா என்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வங்கி என்பது அந்த மகமைக்குச் சட்டப்படி ஒரு சட்டை மாட்டியது மாதிரிதான்.

வங்கி ஏன் தேவைப்பட்டது? பருத்தி, மிளகாய் வற்றல், கருப்பட்டி வாங்கும் பருவத்தில் கையில் ரொக்கம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் இவர்களைத் திரும்பிப் பார்க்காது. லேவாதேவிக்காரரின் வட்டி கட்டுப்படியாகாது. ஆக, கடன் வாங்குகிறவரும், பணம் போடுகிறவரும், பங்கு வைத்திருப்பவரும் பெரும்பாலும் ஒரே தெருவில் கடை வைத்திருந்த ஒரே ஆட்கள். கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் வங்கிக்கு மட்டும் தெரியாது, அடுத்த கல்யாண வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் :-)

கப்பல் கம்பெனி கொழும்பை நம்பி இருந்தது போல வங்கியும் 1937-ல் கொழும்பில் ஒரு கிளை திறந்து பார்த்தது. இரண்டே வருஷம், 1939-ல் மூடிவிட்டார்கள். சுதேசிக் கம்பெனிக்கு இந்த வசதி இல்லை. ஒரு கிளையை மூடினால் வங்கி தொடரும். ஒரே வழித்தடத்தை மூடினால் கப்பல் கம்பெனி கிடையாது.

இதில் உறுத்தும் பக்கமும் உண்டு. ஒரு சாதிக்குள் இருக்கும் நம்பிக்கைதான் இந்த வங்கியின் முதல் என்றால், அந்தச் சாதியில் பிறக்காதவருக்கு அங்கே என்ன இடம்? அதே ஊரில் கடலில் உழைத்த பரதவர்களிடம் தோணி இருந்தது, பனிமய மாதா கோயிலைச் சுற்றி ஊர்க் கட்டுப்பாடும் இருந்தது. உப்பளத்தில் கால் வெந்தவர்களிடம் அதுகூட இல்லை. 25 ரூபாய் வைத்திருந்த எந்த ஆசியனுக்கும் திறந்திருந்த வ.உ.சி.யின் கம்பெனி மனசுக்குப் பிடிக்கிறது. அது ஐந்து வருஷம் இருந்தது. வங்கி நூறு வருஷம் தாண்டிவிட்டது. இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. வங்கியே காலப்போக்கில் வாசலை அகலமாக்கிக்கொண்டது. 1962 நவம்பரில் நாடார் வங்கி என்ற பெயர் 'தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி' என்று மாறியது. தலைமையகம் இன்றும் தூத்துக்குடி விக்டோரியா எக்ஸ்டென்ஷன் ரோட்டில்தான், சென்னைக்குப் போகவில்லை.

சொந்தம் என்பது காகிதத்தில் எவ்வளவு சீக்கிரம் கைமாறும் என்பதையும் இந்த வங்கி பார்த்தது. 1990களில் வங்கியின் பெரும்பான்மைப் பங்குகள் எஸ்ஸார் குழுமத்துக்கும், பிறகு ஸ்டெர்லிங் சிவசங்கரனுக்கும் போயின. தாத்தா காலத்துப் பங்குப் பத்திரத்தை நல்ல விலைக்குக் கேட்டால் பேரன் விற்கத்தானே செய்வான்? அப்புறம்தான் ஊர் விழித்துக்கொண்டது. போராட்டம், வழக்கு, பங்கை மீட்க வீடு வீடாகப் பணம் சேர்ப்பது என்று வருஷக்கணக்கில் நடந்தது. ஒரு பகுதியைச் சமுதாயத்தினரே திரும்ப வாங்கினார்கள். தங்கள் அப்பன் பாட்டன் விற்ற பங்கை அதிக விலை கொடுத்து வாங்கியதை முட்டாள்தனம் என்று ஒரு வணிகவியல் மாணவர் சொல்லலாம். அந்த வங்கியைக் கட்டிய மகமைக் காசும் அப்படிப் போட்ட காசுதான். யாரும் லாபக் கணக்குப் பார்த்து மூட்டைக்கு ஒரு பைசா போடவில்லை.

கப்பல் விஷயத்துக்குத் திரும்பினால், இந்தியர் கம்பெனி ஒன்று கடைசியில் நிலைத்தது பம்பாயில். வால்சந்த் ஹிராசந்தும் நண்பர்களும் தொடங்கிய சிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' கப்பல் 1919 ஏப்ரல் 5-ல் லண்டனுக்குக் கிளம்பியது. அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் தினமாக 1964 முதல் கொண்டாடுகிறார்கள். சிந்தியாவுக்கும் இதே விலைச் சண்டைதான் வந்தது. அவர்கள் 1923-ல் ஆங்கிலேயக் கம்பெனிகளோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கடலோர வணிகத்தில் மட்டும் ஓட்டுகிறோம், இத்தனை டன்னுக்கு மேல் கப்பல் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒப்புக்கொண்டு பிழைத்தார்கள். வ.உ.சி.யையும் விலைக்கு வாங்கிவிட எதிராளிகள் பார்த்தார்கள், அவர் மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்டிருந்தால் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி இருந்திருக்கும். அது சுதேசிக் கம்பெனியாக இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்தார்கள். அதே 2011 ஜூனில் தூத்துக்குடி-கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடி தொடங்கியது. 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்று கப்பல். போதிய ஆட்கள் ஏறவில்லை, நவம்பரில் நின்றுவிட்டது. இந்தத் தடவை யாரும் குடை கொடுத்துப் போட்டி போடவில்லை, விமானம் இருந்தது. வங்கியோ 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 510 ரூபாய், மொத்தம் 808 கோடி ரூபாய்க்குப் பங்கு விற்றார்கள். யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.